ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் படிப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறேன். சுவா சூ காங்கில் குடியிருக்கும் நாம் நீர்த்தேக்கங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அல்லவா?

1963 ஏப்ரலிலிருந்து 1964 பிப்ரவரி வரை சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு இருந்தது. வாளியும் கையுமாக மக்கள் காத்திருந்த காலம் அது. பின்னாளில் ஆறுகள் கடலில் கலக்கும் இடங்களிலேயே அணை போட்டு நீரைத் தேக்கினார்கள். 1975இல் கிராஞ்சி. 1981இல் மூராய், போயான், சரிம்பூன், தெங்கே. குடிதண்ணீர் இப்படித்தான் பெருகியது.

ஆற்று வாயை மறித்து உண்டான தேக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள். மேலே கண்ணாடி மாதிரி அமைதியாக இருக்கும். அடியில் சேறு இருக்கும். கால் புதைந்தால் இழுத்து எடுப்பது கடினம். ஓரத்தில் முழங்கால் ஆழம் இருக்கும். அடுத்த அடியில் ஆளையே மூழ்கடிக்கலாம். கலங்கிய நீரில் விழுந்தவரைக் கரையிலிருந்து காணவும் முடியாது. பெருமழையில் அணைக் கதவைத் திறந்தால் தண்ணீர் இழுக்கும்.

"அட, எங்க ஊருக் கிணத்துல தலைகீழா குதிச்சவன் நான், எனக்கென்னப்பா?" என்று சில அண்ணன்மார் சொல்வார்கள். அண்ணே, உங்கள் நீச்சலை நான் குறை சொல்லவில்லை. ஊர்க் கிணற்றின் ஆழம் ஊருக்கே தெரியும். இறங்கப் படி உண்டு, மேலே நாலு பேர் நிற்பார்கள். இங்கே அது எதுவும் கிடையாது. நீர்த்தேக்கத்தில் இறங்கிக் குளிப்பது சட்டப்படியும் தடை. மீன் பிடிப்பதென்றால் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான். மேற்குப் பக்கத் தேக்கங்கள் சில இராணுவப் பயிற்சிப் பகுதிக்குள் இருக்கின்றன. வேலியைத் தாண்டவே கூடாது.

பிள்ளைகளே, கால்வாயும் அப்படித்தான். பாங் சுவா, பெங் சியாங் நீரோடைகள் கிராஞ்சிக்குத்தான் போகின்றன. இங்கே வெயில் அடிக்கும். அந்தப் பக்கம் மழை கொட்டும். சற்று நேரத்தில் கணுக்கால் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிடும். பந்து விழுந்தால் போகட்டும். பந்தைக் கடையில் வாங்கலாம். பிள்ளையை எந்தக் கடையில் வாங்குவது?

இனி நான் சொல்வதுதான் முக்கியம். 2022 ஜூன் 5ஆம் நாள், கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம் பக்கம், கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே குளிக்கப் போன 7 பேர் மூழ்கி இறந்தார்கள். எல்லாரும் பெண்கள், சிறுமியர். முதலில் ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் திரும்பவில்லை. பாசம்தான் அவர்களை இழுத்துக்கொண்டு போனது. மூழ்குகிறவர் கையில் அகப்பட்டதை இறுகப் பிடிப்பார். காப்பாற்ற வந்தவரையும் அமுக்கிவிடுவார்.

ஆகவே யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் குதிக்காதீர்கள். உரக்கக் கூவி ஆள் சேருங்கள். உடனே 995க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பக்கத்தில் உயிர்காப்பு மிதவை இருந்தால் வீசுங்கள். இல்லையென்றால் மூடி இறுக்கிய காலிப் போத்தல், கயிறு, எது கிடைத்தாலும் வீசுங்கள். எட்டும் தூரம் என்றால் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு குடையையோ கைலியையோ நீட்டுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்தமாட்டார். சத்தம் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

பெற்றோர்களே, 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சின்னஞ்சிறு குழந்தைகள் அவர்களில் ஏராளம். பிள்ளைக்குக் கணக்கு, தமிழ் கற்பிப்பதுபோல் நீச்சலும் கற்பியுங்கள். 2010இல் தொடங்கிய 'சுவிம்சேஃபர்' திட்டம் இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். நீச்சல் தெரிந்த பிள்ளையையும் நீரருகே தனியே விடாதீர்கள்.

தொழிலாளத் தோழர்களே, உங்கள் சம்பளத்தை மட்டுமல்ல, உங்களையும் எதிர்பார்த்து ஊரில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது.

கரையில் நடப்போம், காற்று வாங்குவோம், குப்பை போடாமல் திரும்புவோம். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக நம் வீட்டுக்கு வரட்டும். நாம் அதற்குள் போக வேண்டாம்.

பரிசு பெறும் செல்வங்களுக்கு என் வாழ்த்துகள்.