கிணற்றடியும் குழந்தையும்



மன்னார்த் தீவிலே மாரி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். மணல் முற்றத்தில் நீர் நெடுநேரம் தேங்கி நிற்பதில்லை. பெய்ததிற் பெரும்பகுதியை மண்ணே உண்டுவிடுகின்றது. கோடையிலே கயிற்றை நீளவிட்டு அள்ளிய கிணற்று நீர், மார்கழியிலே குனிந்து கையால் மொள்ளும் அளவுக்கு மேலெழுந்து நிற்கும். நாற்புறமும் உவர்க்கடல் சூழ்ந்திருக்க, சில அடி தோண்டியவுடன் நன்னீர் காண்பது நம் மணல் நிலம் நமக்கு அளித்த பெருங்கொடை. ஆனால், நடை பழகும் குழந்தையுள்ள வீட்டிலே அக்கொடையே ஆபத்தாகவும் மாறக்கூடும். சிறு குழந்தைகளை நீரினின்றும் காப்பது எவ்வாறு என்பது பற்றியே இன்று உங்களோடு சில நிமிடம் பேச விழைகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில், என் நான்காம் வகுப்பிலே ஒரு சிறுமி படித்தாள். ஒன்பது வயது. தந்தை கடற்றொழிலாளி. ஒரு நாட் காலை, கரை சேர்ந்த வள்ளத்தில் வலையிலிருந்து மீன் கழற்ற உதவுவதற்காகத் தாய் கடற்கரைக்குச் சென்றாள். செல்லும்போது மகளிடம், "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிச் சென்றாள். தம்பிக்கு வயது இரண்டு நிறையவில்லை. சிறுமி திண்ணையில் அமர்ந்து, முதல் நாள் நான் கொடுத்திருந்த வீட்டுக் கணக்கைச் செய்யத் தொடங்கினாள். நான்கு கணக்குகள். மூன்றாவது கணக்கை முடித்து நிமிர்ந்தபோது தம்பியைக் காணவில்லை. கிடுகு வேலியில் இருந்த ஓர் இடைவெளி வழியே அவன் அயல் வளவுக்குச் சென்றிருந்தான். அங்கே நிலமட்டத்தோடு வாய் திறந்த கட்டில்லாக் கிணறு ஒன்று இருந்தது. அவன் அழுத சத்தத்தை யாரும் கேட்கவில்லை.

ஒரு மாதத்தின் பின் அச்சிறுமி பாடசாலைக்குத் திரும்பினாள். அவளை ஒருவரும் நேரே கடிந்துகொள்ளவில்லை. ஆயினும், "பார்க்கச் சொல்லித்தானே போனார்கள்" என்று பெரியவர்கள் தம்முட் பேசிக்கொண்டது அவள் காதில் விழாமலிராது. அவளுடைய கொப்பியிலே நான்காவது கணக்குக்குரிய இடம் வெறுமையாகவே இருந்தது. அதை நிரப்புமாறு நான் கேட்கவில்லை. அன்றுமுதல் என் மனத்தில் ஒரு கேள்வி நிலைத்துவிட்டது. அந்தக் கிணற்றுக்கு மூன்றடி உயரக் கட்டொன்று இருந்திருந்தால், அவள் கணக்கையும் முடித்திருப்பாள். தம்பியும் உயிரோடு இருந்திருப்பான் அன்றோ? பெரியவர்கள் கட்டாமல் விட்ட கட்டின் பாரத்தை ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையிலே நாம் ஏற்றிவிட்டோம்.

இஃது ஓரூரில் மட்டும் நிகழும் துயரன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். குழந்தை நீரில் விழுந்தால் கூச்சலிடும், கைகால் அடிக்கும், நமக்குக் கேட்கும் என்று நாம் எண்ணுகின்றோம். உண்மை அவ்வாறன்று. மூழ்கும் குழந்தையின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், அதற்குக் குரலெழுப்ப மூச்சிராது. சிறு குழந்தைக்கு உடலை நோக்கத் தலை பாரமானது; வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானே நிமிர அதனால் இயலாது. முகம் மூழ்கும் அளவு நீர் போதும். ஓரிரு நிமிடங்களிலே காரியம் கைகடந்துவிடும். ஆகவே, சத்தம் கேட்டு ஓடலாம் என்று இருந்துவிடுவது பெருந்தவறு.

அப்படியானால், தாய் எந்நேரமும் கண் இமையாமற் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? அது மனித இயல்புக்கு ஒவ்வாதது. அடுப்பிலே உலை கொதிக்கின்றது. தோய்க்கக் கிடக்கும் துணி கிணற்றடியில் இருக்கின்றது. கருவாடு காயப்போட வேண்டும். இரவு முழுதும் கடலிலே விழித்த தந்தை பகலிலே உறங்குகின்றார். வங்காளதேசத்துக் கிராமங்களில் இவ்விடயத்தை ஆராய்ந்தோர், தாய்மார் வீட்டு வேலையில் மும்முரமாக இருக்கும் காலை வேளையே குழந்தைகள் பெரிதும் மூழ்கும் வேளை எனக் கண்டனர். நம்மூரிலும் வள்ளங்கள் கரைசேர்ந்து மீன் கழற்றும் நேரம் அத்தகையதே. ஆதலின், கண் தவறும் என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அது தவறிய கணத்தில் குழந்தையைத் தடுத்து நிறுத்தும் பொருளொன்றை இடையே நிறுத்துவதுதான் அறிவுடைமை.

முதலாவதாக, கிணறு. கட்டில்லாத கிணற்றுக்குக் குறைந்தது மூன்றடி உயரக் கட்டு வேண்டும். கட்டின் வெளிப்புறம் கால் வைத்து ஏறத்தக்க படியோ, கல்லோ, கவிழ்த்த வாளியோ இருத்தலாகாது. சீமெந்துக்கும் கல்லுக்கும் இப்போது வழியில்லாதவர் மனந்தளர வேண்டுவதில்லை. பனை நம்மிடம் உண்டு. பனைமட்டைகளை நெருங்க நட்டு வரிந்து கட்டிய வேலியொன்று, படலையோடு, கிணற்றைச் சுற்றி இரண்டு நாளிலே எழுந்துவிடும். படலையின் கொளுக்கியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கிணற்றின் மேல் பழைய மீன்வலையை விரித்துவிட்டு அச்சம் நீங்கியதாக எண்ணுவோர் உளர். வெயிலில் இற்றுப்போன வலை பாரம் தாங்காது, விழுந்த குழந்தையைச் சிக்கவும் வைக்கும். மூடுவதாயின் பலகையாலோ இரும்புக் கம்பிச் சட்டத்தாலோ மூடுங்கள். தோட்டத்துத் துரவுக்கும் இவ்விதி பொருந்தும்.

இரண்டாவதாக, ஆளில்லாக் கிணறுகள். போர்க்காலத்தில் நம் மாவட்டத்து மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 2007, 2008ஆம் ஆண்டுகளில் மாந்தை, மடுப் பகுதிக் குடும்பங்கள் பெயர்ந்தன. ஆண்டுக்கணக்கில் ஆளில்லாத வளவுகளிலே பற்றை வளர்ந்து கிணற்றின் வாயை மறைத்தது. 2009க்குப் பின் மீண்டு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அவ்விடங்கள் தெரியா. அவர்களுடைய பாட்டன்மாருக்கே தெரியும். ஆகவே, முதியோர் ஒருவரை அழைத்துக்கொண்டு அயலைச் சுற்றிவந்து, பாழுங்கிணறுகளை அடையாளமிட்டு, தூர்க்கவோ வேலியிடவோ செய்வது ஊர்ச் சங்கங்களுக்கு ஏற்ற பணியாகும். கண்ணிவெடி அகற்றியோர் பாதுகாப்பானதென்று அறிவிக்காத பற்றைக்குள் எவரும் நுழைதலாகாது. இனந்தெரியாத உலோகப் பொருளைப் பிள்ளைகள் தொடுதலுமாகாது. மணல் அகழ்ந்த கிடங்கு, மலகூடத்துக்கென வெட்டி விட்ட குழி ஆகியவையும் மழைக்குப்பின் கிணறுகளேயாம். பெருநிலப்பகுதியிலே கட்டுக்கரைக் குளத்து நீர் வயலுக்குத் திறந்துவிடப்படும்போது, நேற்று வரை பிள்ளைகள் விளையாடிய வறண்ட வாய்க்கால் இன்று ஓடும் நீராகும். அச்செய்தியைத் தாய்மாருக்கும் முன்கூட்டி அறிவித்தல் வேண்டும்.

மூன்றாவதாக, வீட்டுக்குள் உள்ள நீர். வாளி, தொட்டி, பீப்பாய் ஆகியவற்றை வேலை முடிந்தவுடன் வெறுமையாக்கிக் கவிழ்த்து வையுங்கள். சேமித்து வைக்கவேண்டிய நீருக்கு இறுகிய மூடி போடுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது, துவாய் எடுக்கவேனும், தொலைபேசி அழைப்புக்கேனும் எழுந்து செல்லாதீர்கள். செல்லத்தான் வேண்டுமாயின் குழந்தையையும் தூக்கிக்கொண்டு செல்லுங்கள்.

நான்காவதாக, பார்ப்பவர் யாரென்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். வீடு நிறைய ஆட்கள் கூடிய திருமண நாளிலும் திருவிழா நாளிலும் குழந்தை தவறிவிடுவதைக் கேள்விப்படுகின்றோம். எல்லோரும் இருக்கையில், மற்றவர் பார்ப்பார் என்று எல்லோரும் இருந்துவிடுகின்றனர். "அம்மம்மா, நான் கடற்கரைக்குப் போய்வரும் வரை தம்பி உங்கள் பொறுப்பு" என்று சொல்லி, அவர் "ஓம்" என்று சொன்ன பின்பே அகலுங்கள். அப்பொறுப்பை ஏற்பவர் வளர்ந்தவராக இருக்கட்டும். மூத்த பிள்ளை தம்பியோடு விளையாடலாம். அவன் உயிருக்குப் பொறுப்பாளி ஆகலாகாது.

அயலவர் ஒன்றுகூடினால் இது மேலும் எளிதாகும். வங்காளதேசத்திலே 2013ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு திட்டத்தில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்ணொருவரின் வீட்டிலே அயற் குழந்தைகளைக் காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை வைத்துப் பராமரித்தனர். அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளிடையே நீரில் மூழ்கி இறத்தல் 80 வீதத்துக்கும் மேலாகக் குறைந்தது. அதற்கு மாளிகை வேண்டியிருக்கவில்லை. வேலியிட்ட ஒரு முற்றமும் நம்பிக்கையான ஒருவருமே வேண்டியிருந்தது. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் எருக்கலம்பிட்டியிலும் அத்தகைய முற்றங்கள் இல்லையா? நம்பத்தக்க பாட்டிமார் இல்லையா?

இனி, கடலைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரைப் பிள்ளைக்கு நீந்தத் தானே வரும் என்பது வெறும் நம்பிக்கை. ஆறு ஏழு வயதளவில், ஆண் பெண் வேறுபாடின்றி, நன்கு நீந்தத் தெரிந்த பெரியவர் உடனிருந்து கற்பித்தல் வேண்டும். வாடைக் காலத்தில் வடகரையிலும், சோளகக் காலத்தில் தென்கரையிலும் கடல் குமுறும் என்பதைத் தந்தையர் அறிவர்; பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். கூம்பு வடிவான அழகிய சிப்பிகளை உயிரோடு கையிலெடுக்கலாகாது என்றும் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவிலுள்ள அவ்வினங்களிற் சில கொடிய நஞ்சுடையவை. வள்ளத்தில் ஏற்றும் எந்தக் குழந்தைக்கும் அளவான மிதவை அங்கி அணிவியுங்கள்.

இத்தனையும் செய்த பின்னரும் ஆபத்து நேரிடின் செய்யவேண்டியது யாது? குழந்தையைக் காணவில்லையென்றால் முதலில் கிணற்றையும் நீர்நிலையையும் பாருங்கள். பிறவிடங்களைப் பின்னர்த் தேடலாம். நீந்தத் தெரியாதவர் குதித்தல் கூடாது. கயிறு, நீண்ட கம்பு, மூடியிட்ட வெற்றுக் கொள்கலன் ஆகியவற்றை நீட்டியோ எறிந்தோ உதவுங்கள். வெளியே எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீர் எடுக்க முயல்வதும் நம்மிடையே உள்ள பழக்கம். அவற்றை அடியோடு கைவிடுங்கள். உயிர் காக்கும் நேரம் அதில் வீணாகும். வயிற்றிலுள்ளது மூச்சுக்குழாய்க்குள் செல்லவும் கூடும். குழந்தை மூச்சு விடவில்லையாயின் தரையிலே மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்சாய்த்து, வாயோடு வாய் வைத்து மெல்ல மூச்சு ஊதுங்கள். பின்னர் மார்பின் நடுவே 30 முறை விரைந்து அழுத்தி, 2 முறை மூச்சு ஊதி, அவ்வாறே இடைவிடாது தொடருங்கள். அதேவேளை வேறொருவர் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைக்கட்டும். 2018ஆம் ஆண்டு முதல் நம் வட மாகாணத்துக்கும் வந்துள்ள 'சுவசெரிய' இலவச நோயாளர் ஊர்தி அவ்வழைப்புக்கு வரும். குழந்தை கண் விழித்துவிட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நுரையீரற் கோளாறு சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். இம்முதலுதவியைக் கேட்டறிவதைவிடச் செய்து பழகுவது மேலானது. உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் பயிற்சி பற்றி விசாரியுங்கள்.

கிணற்றுக்குச் சொன்னதே மண்ணெண்ணெய்க்கும் பொருந்தும். வள்ளத்து இயந்திரத்துக்கென்று அது நம் வீடுகளில் இருக்கின்றது. அதைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பதைப் போன்ற தீங்கு வேறில்லை. தாகமெடுத்த குழந்தைக்குப் போத்தலே அடையாளம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் செல்லும். உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள். தனிக் கொள்கலன், எட்டாத உயரம், பூட்டிய கதவு ஆகிய இவையே காவல்.

நேயர்களே, இன்று மாலை உங்களிடம் வேண்டுவது ஒன்றே. உங்கள் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள். எந்த வேலியில் அதற்கு வழியுண்டு, எந்தக் கல்லில் அது ஏறும், எந்த நீருக்கு மூடியில்லை என்பவை அப்போது புலப்படும். அவற்றுள் ஒன்றையேனும் நாளை காலை வள்ளங்கள் கரைசேருமுன் சீர்செய்துவிடுங்கள். வீட்டுக் கணக்குக் கொடுக்கும் ஆசிரியன் என்ற முறையில், இன்று நான் பெற்றோருக்குக் கொடுக்கும் கணக்கு இது. பிள்ளைகள் தம் கணக்கை அச்சமின்றிச் செய்து முடிக்க வேண்டுமாயின், இதனை முதலில் நாம் செய்து முடித்தல் வேண்டும்.