சூடு என்று தள்ளிப்போடாதீர்கள்



ஐம்பதைத் தாண்டிய ஒருவர் ராத்திரியில் மூன்று நான்கு முறை ஒன்றுக்கு எழுந்து போனால், நம் வீடுகளில் அதை யாரும் நோயாக நினைப்பதில்லை. 'வயசாச்சு', 'உடம்புச் சூடு' என்று சொல்லி இளநீரும் வெந்தயமும் கொடுப்போம். இளநீர் நல்லதுதான். ஆனால் புராஸ்டேட் வீக்கத்துக்கு அது மருந்தல்ல.

சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி, புராஸ்டேட். சிறுநீர்க் குழாய் அதன் நடுவே ஓடுகிறது. வயது ஏற ஏறச் சுரப்பி பருத்துக் குழாயை நெருக்கலாம். அறுபது வயதில் ஏறக்குறையப் பாதி ஆண்களுக்கு இந்தப் பருமன் இருக்கும். இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. நீர் மெதுவாக வருவது, முக்கி நின்றாலும் தொடங்காதது, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது எல்லாம் இதனால் வரலாம். சர்க்கரை நோய், கிருமித்தொற்று, குழாயில் சுருக்கம் ஆகியவையும் இதே தொல்லைகளைத் தரும். அதனால்தான் ஊகித்து மாத்திரை வாங்கக் கூடாது.

முப்பது, நாற்பது வயதுக்காரர்களின் கதை வேறு. நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, விதைப்பைக்குப் பின்னால் ஒரு இனம்புரியாத வலி. மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்குவார்கள். கொஞ்சம் குறையும், திரும்ப வரும். புராஸ்டேட்டில் கிருமி இருந்தால் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் மருந்து தேவைப்படும். மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் பலருக்குக் கிருமியே அகப்படுவதில்லை. இடுப்புத் தசைகளின் இறுக்கமும் காரணமாக இருக்கலாம், அதற்கு உடற்பயிற்சி சிகிச்சை உதவும். எனவே முதலில் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒருமுறை டாக்டரைப் பார்த்தும் குணமாகவில்லை என்றால், 'இது இப்படித்தான்' என்று விட்டுவிடாமல் மறுபடியும் போங்கள். யூராலஜி டாக்டரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் அந்தப் பிரிவு இருக்கிறது.

டாக்டரிடம் போவதற்கு முன் மூன்று நாள் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு ஒன்றுக்குப் போனீர்கள், எவ்வளவு வந்தது, என்ன குடித்தீர்கள். வாயால் சொல்ல வெட்கப்படுபவருக்கு அந்த நோட்டே பேசிவிடும். சாப்பிடும் மாத்திரைகளையும் கொண்டுபோங்கள். சில சளி மாத்திரைகள் நீரை அடைத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

டாக்டர் ஆசனவாய் வழியாக விரலால் சோதிக்கலாம். அசௌகரியம்தான், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்கேனில், சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எண் கூடியிருந்தால் உடனே கலங்காதீர்கள். தொற்று இருந்தாலும் அது ஏறும். ஆனால் டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

புராஸ்டேட் வீக்கத்துக்குப் பலருக்கு மாத்திரையே போதும். டாம்சுலோசின் போன்ற மாத்திரை சில நாளிலேயே நீர் போவதை எளிதாக்கும். எழும்போது தலைசுற்றக்கூடும், மெதுவாக எழுங்கள். கண்புரை அறுவைக்குப் போவதாக இருந்தால், இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைடு பலன் தர ஆறு மாதமாகலாம். ஒரு மாதத்தில் அலுத்து நிறுத்தாதீர்கள்.

ராத்திரித் தொல்லைக்குப் பயந்து பகலில் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். படுப்பதற்கு முந்திய இரண்டு மணி நேரம் மட்டும் காபி, டீ, தண்ணீரைக் குறையுங்கள்.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், அது ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். நீர் அடியோடு அடைத்து வயிறு உப்பினாலோ, நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.