ராஜா வேசம் யாருக்கு?



ஆய்வுக்காகப் பவானிப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் சில மாதங்கள் உட்கார்ந்திருந்தேன். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 1 முதல் 3ஆம் வகுப்புவரை கதை, பாட்டு, பொம்மலாட்டம் வழியாகக் கற்பிக்கச் சொன்னது. நல்ல திட்டம்தான். நடித்துப் பார்த்த கதையை எழுதச் சொன்னால் பிள்ளைகள் கரும்பலகையைத் தேடுவதில்லை.

ஒருநாள் ராஜா கதை. யாருக்கு என்ன வேசம் என்று பிள்ளைகளே பிரித்துக்கொண்டார்கள். காலனியிலிருந்து வரும் பெண்ணுக்கு அரண்மனை கூட்டும் வேலை. எவரும் சொல்லித் தரவில்லை. எட்டு வயதிலேயே தெரிந்திருக்கிறது. நானும் வாய் திறக்கவில்லை, குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டீச்சர், அவரவர் வேசத்தின் வாயால் கதையை எழுதச் சொன்னார். மற்றவர்கள் நாலு வரி. அவள் ஒரு பக்கம். விடியுமுன் எழுந்து கூட்டியதை, கை வலித்ததை, கடைசியில் விளக்குமாற்றை ராஜா கையில் கொடுத்துவிட்டு ஜமுக்காளத்தில் படுத்துத் தூங்கியதை எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகள் ஏராளம்.

புனேயில் ஜோதிராவ், சாவித்திரிபாய் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே நினைவுக்கு வந்தார். மாங் சாதியில் பிறந்தவர். 1855இல், 14 வயதில், தன் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினார். 'ஞானோதயா' இதழ் வெளியிட்டது. ஜோதிராவ் கல்வியைப் பற்றி 'திருதீய ரத்னா' நாடகம் எழுதியதும் அதே ஆண்டில்தான்.

அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசிக்கச் சொன்னார் டீச்சர். ராஜா வேசம் போட்ட பையன் கேட்டான்: "அப்பறம் ராஜா கூட்டுனாரா?"

"அத நீதான் எழுதோணும்" என்றாள்.