மிச்சம் வைத்த குளிசையும் குடிக்கும் தண்ணீரும்

(தோட்ட மாதர் பிரிவுக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் கொழுந்து நிறுவையையும் பற்றிப் பேசும் இந்தக் கூட்டத்தில் இன்று குளிசையைப் பற்றிப் பேசுகிறோம். காரணம் இருக்கிறது. காய்ச்சலில் விழுந்தால் நமக்குப் பேர் இல்லை. பிள்ளை விழுந்தால் தாய்க்கும் பேர் இல்லை.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் ஹைதராபாத் என்றொரு நகரம் உண்டு. 2016 இறுதியில் அங்கே நெருப்புக் காய்ச்சல் பரவியது. கழிவுநீர் கலந்த குடிதண்ணீரே அதற்கு வழி விட்டது. நெருப்புக் காய்ச்சல் பழைய வியாதிதான்; அன்டிபயோட்டிக் கொடுத்தால் குணமாகும். ஆனால் இந்தக் கிருமியிடம் வழக்கமான 5 வகை மருந்துகள் தோற்றுப்போயின. வாயால் குடிக்கும் மருந்தில் அசித்ரோமைசின் ஒன்றே மிஞ்சியது.

ஏன் இப்படி ஆகிறது? அன்டிபயோட்டிக் குடிக்கும்போது பலவீனமான பக்டீரியாக்கள் சாகும்; தாக்குப்பிடிப்பவை பெருகும். தேவையில்லாமல் குடித்தால் அவற்றுக்கே வசதி. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அளவு குறைத்துக் குடிப்பதன் ஆபத்தை 1945இலேயே எச்சரித்தார். 2019இல் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேரின் சாவுக்கு மருந்துக்கு அடங்காத பக்டீரியாவே நேரடிக் காரணம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

ஹைதராபாத்தில் 2018இல் பிள்ளைகளுக்குப் புதிய தடுப்பூசி போட்டார்கள். மருந்துக்கு அடங்காத அந்தக் காய்ச்சலிலிருந்து அது நூற்றுக்கு 97 பங்கு காத்தது என்று ஆய்வு காட்டியது. 2019 நவம்பரில், உலகில் முதல் நாடாகப் பாகிஸ்தான் அந்த ஊசியை வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. நோயே வராத பிள்ளைக்கு மருந்து தேவையில்லை. மருந்து தேவைப்படாத இடத்தில் கிருமி மருந்தைப் பழகவும் முடியாது.

நம் நாட்டிலும் 2, 4, 6 மாதங்களில் போடும் ஊசி, நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் ஒரு பக்டீரியாவைத் தடுக்கிறது. கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள்.

பக்கத்து வீட்டில் மிச்சமான குளிசையை நாம் கேட்டு வாங்குவது சோம்பலால் அல்ல. டவுனுக்குப் போய்வர ஒருநாள் சம்பளம் போகிறது. அது நமக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறோம்: தடிமனுக்கும் சாதாரண இருமலுக்கும் அன்டிபயோட்டிக் கேட்காதீர்கள், அவை பெரும்பாலும் வைரசால் வருபவை. டாக்டர் சொன்ன நாள்வரை குடியுங்கள். மிச்சம் வைத்து மற்றவருக்குக் கொடுக்காதீர்கள்.

குளிசையைக் கவனமாகக் குடிப்பது நம் பொறுப்பு. ஆனால் லயத்துக்கு வரும் பீலித் தண்ணீர் சுத்தமாக இருப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. மூடிய தண்ணீர்த் தாங்கி, குளோரின், வீட்டுக்கொரு கக்கூஸ், பிள்ளைக்கு ஊசி போடும் நாளில் தாய்க்குச் சம்பளத்துடன் லீவு: இவை சம்பளக் கோரிக்கைக்குப் பின்னால் நிற்க வேண்டியவை அல்ல, பக்கத்தில் நிற்க வேண்டியவை. மருந்து தோற்கும் காலத்தில் தண்ணீரே முதல் மருந்து.

அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது உங்கள் லயத்துத் தண்ணீரின் நிலையை எழுதித் தலைவரிடம் கொடுங்கள். நாம் அதைக் கையோடு கொண்டுபோவோம்.