வயித்துக்குள்ளை ஒரு றோபோ
(சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடலில் பேசியது)



போன வருசம் இதே மண்டபத்திலை 118 கிலோவோடை நிண்டனான். இண்டைக்கு 82. இடையிலை என்னைப் பற்றி இரண்டு கதை உலாவினது. ஒண்டு, எனக்குப் புற்றுநோயாம். மற்றது, மனிசி சாப்பாடு போடுறதில்லையாம். இரண்டும் பிழை. நான் போன வைகாசியில் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்தனான், அதுவும் றோபோ மூலம். பித்தப்பையிலை கல்லெடுத்தது எண்டு சொல்லிச் சமாளிக்கத்தான் முதலிலை நினைச்சன். ஆனால் சலரோகமும் முழங்கால் நோவுமாய் எங்கடை ஆக்கள் சிலபேர் ஒளிச்சு ஒளிச்சு இதைப்பற்றி விசாரிக்கினம் எண்டு அறிஞ்சபடியால், சங்கம் கேட்டவுடனை ஓமெண்டன்.

நான் ஏ.எல். மட்டும் படிச்ச தொழிலாளி. டொக்டர் அல்ல. இரண்டு வருசம் டயற், நடை, மருந்து எல்லாம் பார்த்துச் சரிவராமல்தான் இதுக்குப் போனேன்.

றோபோ எண்டதும் நெஞ்சு இடிச்சுது. பக்டரியிலை எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு றோபோக் கையோடைதான் வேலை. வேலிக்குள்ளை நிண்டு சாமானைத் தூக்கி வைக்கும். சாமான் கொஞ்சம் விலத்தி இருந்தாலும் அதுக்குத் தெரியாது; எழுதி வைச்ச இடத்திலைதான் பிடிக்கும், நசிக்கும். அதை டொக்டரிட்டைச் சொன்னன். அவர் சிரிச்சுப்போட்டு, "இது தானாக ஒண்டும் வெட்டாது. நான்தான் வெட்டுறது" எண்டார்.

விசயம் இதுதான். டா வின்சி என்ற இந்த இயந்திரத்தில் டொக்டர் சில அடி தள்ளி ஒரு மேசையில் இருந்து, வயிற்றின் உட்புறத்தை முப்பரிமாணமாகப் பெருப்பிச்சுப் பார்க்கிறார். அவருடைய விரல் அசைய, உள்ளே உள்ள சின்ன ஆயுதங்கள் மணிக்கட்டுப்போல வளையும். கைநடுக்கம் உள்ளே போகாது. பார்க்கிற இடத்திலிருந்து தலையை எடுத்தால் கைகள் நிண்டுவிடும். என்ரை பக்கத்திலையும் இன்னொரு டொக்டர் நிண்டவர். இரைப்பையிலை 30 மில்லிலீற்றர் அளவு ஒரு சின்னப் பையை மட்டும் பிரிச்சு, சிறுகுடலோடை இணைச்சுத் தைச்சவை. புதுசும் இல்லை, 1998இலேயே பெல்ஜியத்தில் கதியேர் என்ற டொக்டர் இப்படித் தள்ளியிருந்து எடைகுறைப்புக்கான சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்.

அப்ப றோபோதான் திறமோ? சின்னத் துளையால் கையாலை செய்யிறதைவிட முடிவு நல்லம் எண்டு தெளிவாக நிரூபிக்கவில்லை எண்டு என்ரை டொக்டரே சொன்னார். நேரமும் கூடப் பிடிக்கலாம். தையல் கசியிறது, இரத்தம் கட்டுறது எண்ட ஆபத்துகள் இரண்டிலும் உண்டு. ஆனபடியால் எந்த மெசின் எண்டு கேளாதேங்கோ. "நீங்கள் இதை எத்தினை பேருக்குச் செய்தனீங்கள்?" எண்டு டொக்டரைக் கேளுங்கோ.

மெசின்ரை வேலை அண்டைக்கு மத்தியானத்தோடை முடிஞ்சுது. என்ரை வேலை இன்னும் முடியேல்லை. பி12, இரும்பு, கல்சியம் சாகுமட்டும் எடுக்கவேணும். இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. முதலிலை மீன், முட்டை, பருப்பு. சோறு கடைசியாக நாலு வாய். ஒருநாள் பிறந்தநாள் வீட்டிலை மறுக்கேலாமல் ஒரு கப் பாயாசம் குடிச்சன். அரைமணித்தியாலத்துக்குள்ளை வேர்த்து, நெஞ்சு படபடத்து, குளியலறை நிலத்திலை படுத்துக் கிடந்தன். மனிசி அழுதவ. சலரோகக் குளிசை நாலிலை மூண்டை டொக்டர் நிப்பாட்டிப்போட்டார். ஆனால் நான் பழையபடி சாப்பிட்டால் எல்லாம் திரும்பி வரும் எண்டும் சொல்லித்தான் விட்டவர்.

இண்டைக்குப் புதுவருச விருந்து இருக்குது. என்ரை கோப்பையைப் பார்த்து இன்னும் கொஞ்சம் போடுங்கோ எண்டு தயவுசெய்து வற்புறுத்தாதேங்கோ. தனியக் கதைக்க விருப்பமானவை பின்வாசல் பக்கம் வாங்கோ, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.