திருத்தச் சீட்டு

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



முப்பத்து நான்கு வருஷம் அரசாங்க ஆபீசில் ஃபைல் பார்த்தவன் நான். "சட்டதிட்டங்களை எளிமையாக்குவது பற்றிப் பேசுங்க சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டதும், என் மனைவி சிரித்துவிட்டாள். "திருடனைக் கூப்பிட்டுப் பூட்டைப் பத்திப் பேசச் சொல்றாங்களே!" என்றாள்.

காலாவதியான மத்தியச் சட்டங்களைக் களையும்படி 1998இல் ஜெயின் கமிஷன் சொன்னது. 2014இல் ராமானுஜம் கமிட்டி, அப்போதிருந்த 2781 மத்தியச் சட்டங்களில் 1741ஐ நீக்கலாம் என்றது. அதன்பின் 1500க்கு மேல் நீக்கியும்விட்டார்கள். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் 2016இல் ஒரே வீச்சில் போன 758ம் நிதி ஒதுக்கச் சட்டங்கள். அந்தந்த வருஷச் செலவோடு வேலை முடிந்துபோனவை. செத்த பாம்பை அடித்த கதைதான். குறை சொல்லவில்லை, பரணையும் சுத்தம் பண்ணத்தான் வேண்டும். ஆனால் ஜனங்கள் இடறி விழுவது வாசற்படியில்.

ஆபீசில் விதிப் புத்தகத்துக்குத் திருத்தச் சீட்டு வரும். கத்தரித்து, பசை தடவி, உரிய பக்கத்தில் ஒட்ட வேண்டும். சீட்டின் மேல் சீட்டு ஒட்டி, எங்கள் புத்தகம் பூரி மாதிரி உப்பியிருக்கும். பாதிச் சீட்டு டிராயரிலேயே கிடக்கும்.

ஒரு அம்மா குடும்ப ஓய்வூதியம் கேட்டு வந்தார். சான்றிதழ் நகலில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இல்லையென்று திருப்பி அனுப்பினேன். அந்தப் பச்சை மைக்காக அவர் மூன்று தடவை பஸ் ஏறினார். பிறகு டிராயரை ஒழிக்கும்போது பார்க்கிறேன், அந்தக் கையெழுத்தே தேவையில்லை என்று சீட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான்தான் ஒட்டவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ரத்து செய்தால் மட்டும் போதாது. இன்று நடப்பில் உள்ள விதி எது என்று ஒரே இடத்தில், முழுசாக, தேதி போட்டு வைக்க வேண்டும். படிவத்தில் ஒரு காகிதம் கேட்டால், எந்த விதிப்படி கேட்கிறோம் என்று பக்கத்திலேயே அச்சடிக்க வேண்டும். விதி எண் எழுத முடியாவிட்டால் அந்தக் காகிதத்தைக் கேட்கக் கூடாது. சுய சான்றொப்பமே போதும் என்று 2014இல் மத்திய அரசு சொன்ன பிறகும், பச்சை மை கேட்ட கவுண்டர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்போது நான் கவுண்டருக்கு வெளியே நின்றேன்!

அந்த அம்மாவுக்குப் பென்ஷன் கிடைத்தது. முறுக்குப் பொட்டலத்தோடு நன்றி சொல்ல வந்தார். டிராயரில் கிடந்த சீட்டைப் பற்றி அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. இந்த மேடையில்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.