தாடை வலிக்கிறது, பயிற்சி ஏன் பாதியில் நிற்கிறது?



வாயைத் திறந்தால் காதருகே 'டக்' என்று ஒரு சத்தம். கொட்டாவி விட்டால் வலி. ரொட்டி சானாயை மெல்லவும் தயக்கம். இப்படி அவதிப்படுகிறவர்களில் பலர் முதலில் காது மருத்துவரைத் தேடிப் போகிறார்கள். கோளாறு காதில் இல்லை. காதுக்கு முன்னால், கீழ்த்தாடை மண்டையோட்டுடன் சேரும் மூட்டிலும் மெல்லும் தசைகளிலும்தான் இருக்கிறது. பெண்களுக்கே இது அதிகம் வருகிறது.

இவ்வலியைப் பரிசோதிக்க 1992-இல் ஒரு முறை வகுக்கப்பட்டது. அதன் முதல் பகுதி மூட்டையும் தசையையும் பார்ப்பது. இரண்டாம் பகுதி, நோயாளிக்கு மனச்சோர்வு உண்டா, வலி அன்றாட வேலையை எவ்வளவு முடக்குகிறது என்று கேட்டறிவது. 2014-இல் திருத்தியபோது மனப்பதற்றம் பற்றிய கேள்விகளும் சேர்ந்தன.

"அப்படியென்றால் என் வலி கற்பனையா?" என்று கோபம் வரலாம். கற்பனையே அல்ல! கவலையில் நம்மை அறியாமலே பல்லைக் கடிக்கிறோம். தசை களைத்து வலிக்கிறது. வலியால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் அதே வலி இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். தாடைப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், உதடு மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் வைத்திருக்கும் பழக்கம் என எல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள். முதல் வாரம் ஒழுங்காகச் செய்கிறார். ஒரு நாள் பயிற்சியின்போது சுருக்கென்று வலிக்கிறது. மூட்டு தேய்கிறதோ என்று பயந்து நிறுத்திவிடுகிறார். அடுத்த அப்பாயின்ட்மெண்டுக்கும் போகவில்லை. வீட்டில் அவருக்குக் கிடைக்கும் பட்டம் 'சோம்பேறி'. மனச்சோர்வு உள்ளவர்களோ, என்ன செய்து என்ன பயன் என்று தொடங்குவதற்கு முன்பே கைவிட்டுவிடுகிறார்கள்.

2023-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டி, ஒருவர் உடனிருந்து கவனிக்கும் தாடைப் பயிற்சியையும், எண்ணங்களையும் பழக்கங்களையும் சீராக்கும் மனநல சிகிச்சையையும் வலுவாகப் பரிந்துரைக்கிறது. பலரும் கேட்டு வாங்கும் பல் உறைக்கு அந்த ஆதரவு இல்லை.

"பயிற்சி செய்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டால், செய்யாதவரும் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார். "எந்தப் பயிற்சி பயமாக இருக்கிறது?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். அந்தப் பயிற்சியை அங்கேயே கண்ணாடி முன் மெதுவாகச் செய்யச் சொல்லி, எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து அனுப்பலாம்.